மாநகராட்சிப் பள்ளிக்கு அடல் டிங்கரிங் லேப்: மானியம் கேட்பது எப்படி?

ரோபோ, சென்சார், 3டி பிரிண்டர் எல்லாவற்றையும் 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் தொட்டு, கழற்றி, மாட்டிப் பழக ஒரு கூடம். அதுதான் அடல் டிங்கரிங் லேப். நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷன் 2016-ல் கொண்டுவந்த திட்டம் இது. தொடக்க விதிப்படி பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்: லேப் அமைக்க 10 லட்சம், ஐந்தாண்டு நடத்த 10 லட்சம். அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் 50,000 லேப் என்று 2025 மத்திய பட்ஜெட்டும் அறிவித்தது. விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் அப்போதைய விதிமுறையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். தொகையும் தவணையும் மாறக்கூடும்.

படி 1: இடத்தை அளங்கள்

நகரத்துப் பள்ளிகள் தடுக்கி விழுவது இங்கேதான். தொடக்க விதிப்படி சமவெளிப் பள்ளிக்கு 1,500 சதுர அடி வேண்டும். 1,000 போதும் என்ற சலுகை மலை, தீவுப் பகுதிகளுக்கு உண்டு; உங்கள் ஊருக்கும் உண்டா என்று விதிமுறையில் பாருங்கள். 20-க்கு 20 அடி வகுப்பறை 400 சதுர அடி. மூன்றைச் சேர்த்தாலும் 1,200தான்! எனவே 1,500-க்கு நான்கு அறையோ, பயன்படாத ஒரு ஹாலோ வேண்டும். மானியத்தில் கட்டடம் கட்ட முடியாது. கட்டடம் மாநகராட்சியுடையது என்பதால், தடுப்புச் சுவரை எடுக்கக்கூட பொறியியல் பிரிவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கோப்பு நகர்வதற்கு நாளாகும். ஆகவே விண்ணப்பத்துக்குக் காத்திராமல் இன்றே கடிதம் கொடுங்கள்.

படி 2: தாள்களைச் சேருங்கள்

யூடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசின் கல்வித் தரவுத்தளத்தில் உள்ள எண்), மாணவர் எண்ணிக்கை, அறிவியல், கணித ஆசிரியர் விவரம், மின்சாரம், இணைய வசதி, அறைகளின் போட்டோ. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானமும் போட்டு வையுங்கள். யூடைஸில் ஒரு எண்ணிக்கை, விண்ணப்பத்தில் வேறொன்று என்று இருக்கவே கூடாது.

படி 3: விண்ணப்பம்

ஆன்லைனில்தான். "எங்கள் மாணவர்கள் திறமைசாலிகள்" என்று எல்லாப் பள்ளியும் எழுதும். மழைக்குத் தேங்கும் தெரு, தண்ணீர் லாரிக்கான வரிசை என்று உங்கள் வார்டுப் பிரச்சினை ஒன்றை எடுத்து, பிள்ளைகள் அதற்கு எந்த சென்சாரை வைத்து என்ன செய்து பார்ப்பார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பொறுப்பாசிரியராக ஆர்வமுள்ளவரைப் போடுங்கள். ஜூனியர் என்பதற்காக ஒருவர் தலையில் கட்டினால் லேப் பூட்டியே கிடக்கும்.

படி 4: பணம் வந்தபின்

தனி வங்கிக் கணக்கு, பி.எஃப்.எம்.எஸ். (மத்திய அரசுப் பணத்தின் போக்கைக் கண்காணிக்கும் இணையத் தளம்) பதிவு இரண்டும் தேவை. கருவிகளை ஜெம் என்ற அரசுக் கொள்முதல் போர்ட்டலில் வாங்குங்கள். "மொத்தமாக நாங்களே செட் பண்ணித் தர்றோம் சார்" என்று வருபவரிடம் பேசுமுன் விலையை ஜெம்மில் ஒப்பிட்டுவிடுங்கள். மின்னணுப் பொருள்கள், 3டி பிரிண்டர், கைக்கருவிகள், பாதுகாப்புச் சாதனங்கள் என நான்கு தொகுப்பாகப் பட்டியல் இருக்கும். எல்லாப் பணத்தையும் ரோபோ கிட்டில் கொட்டாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும்தான் தினமும் கைக்கு வரும்.

படி 5: கணக்கு

அடுத்த தவணை வருவதும் நிற்பதும், பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பொறுத்தது. அதற்கு ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ என்ற படிவம் உண்டு. ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாங்கிய அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பில்லில் அந்தப் பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள். ஹெச்.எம். மாறுதலில் போனால் புதியவருக்கு அந்தப் பதிவேடுதான் துணை. கணக்கில் சேரும் வட்டியும் பள்ளியின் பணமல்ல, அரசுக்குத் திரும்பக் கட்ட வேண்டியது. அதை எடுத்து மின்விசிறி வாங்கிவிடாதீர்கள்.