எடை கூடிய மாணவர்களுக்குப் பள்ளியிலேயே உடற்பயிற்சி, உணவுத் திட்டம்: தொடங்கி நடத்துவது எப்படி

'எடைக் குறைப்பு வகுப்பு' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், வரவேண்டிய பிள்ளைகளே வரமாட்டார்கள். பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் வையுங்கள். தனிக் கவனம் தேவைப்படுபவர்களிடம் தனியே பேசிக்கொள்ளலாம்.

முதலில் அளவெடுப்பு. தனி அறையில், ஒருவர் ஒருவராக, செருப்பைக் கழற்றச் சொல்லி உயரமும் எடையும் குறியுங்கள். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25 என்ற பெரியவர்களுக்கான கோடு இங்கே செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் 5–19 வயது அட்டவணையில், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற இடைநிலையிலிருந்து (நடுக்கோடு) 1 திட்ட விலக்கத்துக்கு (நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்பதற்கான அளவு; அட்டவணையில் 1, 2 என்று கோடுகளாக இருக்கும்) மேல் போனால் அதிக எடை, 2-க்கு மேல் போனால் உடல் பருமன். அடுத்த அளவெடுப்பு 3 மாதம் கழித்துப் போதும். வாராவாரம் எடை பார்த்தால் குடித்த தண்ணீரும் சாப்பிட்ட சாப்பாடும்தான் தெரியும்; பிள்ளை மனம் விட்டுவிடும்.

இலக்கு பெரும்பாலும் எடையைக் குறைப்பதல்ல, மேலும் ஏறாமல் நிறுத்துவது. 150 செ.மீ. உயரம், 60 கிலோ என்றால் பிஎம்ஐ 26.7. அதே 60 கிலோவில் 156 செ.மீ. வளர்ந்துவிட்டால் 24.7. வளர்ச்சி முடிந்தவர்களுக்கும் பருமன் மிக அதிகமானவர்களுக்கும் மருத்துவர்தான் இலக்கு சொல்ல வேண்டும்.

பயிற்சியில் சேர்க்கும் முன் ஆஸ்துமா உண்டா, ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்ததுண்டா என்று கேளுங்கள். கழுத்தில் கருத்து, வெல்வெட் போலத் தடித்த தோல் இருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். தேய்த்துக் குளிக்கச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலி, கூடவே நொண்டல் என்றால் அன்றே பயிற்சியை நிறுத்துங்கள். எடை கூடிய வளரிளம் பருவத்தினருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவதுண்டு. கோளாறு இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தெரியும். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலை ஊன்றவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி மைதானம். ஒரு மாணவரைக் குறிவைத்து ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள்; அவர் அசையும்போது மட்டும் ஓடட்டும். 40 நிமிட பீரியடில் வருகைப்பதிவு, விளக்கம், வரிசையில் காத்திருப்பு எல்லாம் போக மிஞ்சுவது பெரும்பாலும் சொற்பம். பாதி நேரமாவது அசைவாக இருக்க வேண்டும். அதற்கு வழி எளிது: முப்பது பேருக்கு ஒரு பந்து என்பதை விட்டு, நான்கு பேருக்கு ஒரு பந்து கொடுங்கள். 'அவுட்' ஆனால் உட்காரும் விளையாட்டுகளை விட்டுவிடுங்கள். அதிகம் ஓடவேண்டியவர்தான் முதலில் உட்காருகிறார். அவுட் ஆனவர் எதிரணியில் சேரட்டும்.

முதல் இரண்டு வாரம்: 5 நிமிடம் உடலைச் சூடேற்றல், பிறகு 2 நிமிட வேகநடை, 1 நிமிட மெதுநடை என 5 சுற்று, கடைசி 5 நிமிடம் தளர்த்தல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரம் 3 நாள் சுவரில் கைவைத்துத் தண்டால், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் போன்றவை, 8–12 முறை, இரண்டு செட். எடை கூடிய பிள்ளைகளுக்கு உடல்வலு அதிகம் இருப்பதுண்டு. கயிறு இழுத்தல், கனப்பந்து எறிதல் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வையுங்கள். ஓட்டத்தில் கடைசியாக வருபவர் இதில் முந்துவார். தொடை உரசிப் புண்ணானாலும் வெளியே சொல்லமாட்டார்கள், 'வயிற்றுவலி' என்று ஒதுங்குவார்கள். உள்ளே இறுக்கமான அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னால் தீர்ந்தது. நாளுக்கு 60 நிமிட அசைவு தேவை. பீரியட் மட்டும் போதாது, இடைவேளையிலும் மைதானம் திறந்திருக்கட்டும்.

உணவில் பானத்திலிருந்து தொடங்குங்கள். 330 மி.லி. குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி வேகமாக நடந்தால்தான் ஏறக்குறைய அவ்வளவு செலவாகும். கேன்டீனில் அதை விற்றுக்கொண்டு மைதானத்தில் ஓடவிடுவது வீண். குடிநீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தட்டில் பாதி காய், பழம், கால்பங்கு தானியம், கால்பங்கு புரதம். கலோரிக் கணக்கு நோட்டுக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடுவது, மாதவிடாய் நிற்பது தெரிந்தால் எடைப் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வீட்டில் வாங்கிச் சமைப்பவர் ஒருவராவது கூட்டத்துக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் நிலைக்காது. பள்ளி நாட்களில் கிடைத்த பலன் நீண்ட விடுமுறையில் கரையும், அதனால் விடுமுறைக்கு முந்தைய வாரமே வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.