மசோதா செய்தி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிவிட்டால் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கோட்டைக்கு அனுப்புவது வழக்கம். மாலையில் அவர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்த உட்கார்ந்தால் எரிச்சலும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எங்கள் தலைமுறை அதே செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து செய்த அதே பிழைகள், அதே வரிசையில் வருகின்றன. அமைச்சரின் துறையை மாற்றி எழுதுவது, உறுப்பினரின் தொகுதியைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை மறுநாள் ஒரு திருத்தம் போட்டுச் சரிசெய்துவிடலாம். மசோதாவைத் தவறாகப் படித்து எழுதினால் அப்படிச் சரிசெய்ய முடியாது. அதை நம்பி யாரோ ஒருவர் ஏதாவது செய்திருப்பார்.

தீர்மானத்தையும் 110 அறிவிப்பையும் சட்டமாக்குவது

பேரவையில் கைதட்டல் எழுந்தால் அது சட்டம் ஆகிவிடாது. பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சர் படிப்பது அரசின் அறிவிப்பு. அதன்மீது விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. தீர்மானம் என்பது பேரவையின் கருத்து. 2025 ஏப்ரலில் கச்சத்தீவை மீட்க வலியுறுத்தி ஒரு தீர்மானம் நிறைவேறியது; அது மத்திய அரசிடம் வைத்த கோரிக்கை. மேலவையை மீண்டும் கொண்டுவர 2010 ஏப்ரலில் இதே பேரவை தீர்மானம் போட்டது, நாடாளுமன்றமும் அதற்காகச் சட்டம் இயற்றியது. ஆனால் 1986-இல் கலைக்கப்பட்ட மேலவை இன்றுவரை வரவில்லை. ஆகவே அன்றைய நிகழ்ச்சி நிரலில் அது எந்தத் தலைப்பின் கீழ் வந்தது என்று முதலில் பாருங்கள்.

நிறைவேறிய அன்றே அமலுக்குக் கொண்டுவந்துவிடுவது

என்னை இன்னும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே கல்யாணம் முடிந்தது என்று ஊருக்குச் சொல்வது போல, மசோதா நிறைவேறிய மாலையே 'இனி இப்படித்தான்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள்.

2021 செப்டம்பரில் பதிவுச் சட்டத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. போலி ஆவணம் என்று தெரிந்தால் அதைப் பதிவு செய்ய மறுக்கலாம் என்றது 22-பி பிரிவு. ஏற்கெனவே பதிவாகிவிட்ட மோசடிப் பத்திரத்தை விசாரித்து ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தது 77-ஏ பிரிவு. நில மோசடியில் சிக்கி வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. அதைப் 'போலிப் பத்திரங்களைப் பதிவாளரே இனி ரத்து செய்யலாம்' என்று எழுதியவர்கள் பலர்.

அந்த 'இனி' என்ன செய்தது என்பதைச் சில வாரங்கள் கழித்து ஒரு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பார்த்தேன். வேறு வேலையாகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். துணிப்பையில் வில்லங்கச் சான்று, பட்டா நகல், தாய்ப்பத்திரத்தின் நகல். இவற்றுக்கு மேலே, நான்காக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்ட செய்தித்தாள் துண்டு. எழுத்தரிடம் முதலில் நீட்டியது அதைத்தான். எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இன்னும் எதுவும் வரவில்லை, ஐயா. சுற்றறிக்கை வந்தால்தான் மனு வாங்க முடியும்" என்றார். "பேப்பரில் போட்டிருக்கிறார்களே, தம்பி?" என்று பெரியவர் இரண்டு மூன்று முறை கேட்டார். எழுத்தர் மேல் தப்பில்லை. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது.

வெளியே வந்து பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போட ஒரு வழக்கறிஞரைப் பார்த்து எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. செய்தியைப் படித்ததும், 'இப்போதைக்கு வழக்கு வேண்டாம், செலவு மிச்சம்' என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் கொடுக்கும் அவகாசம், மோசடி தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள்தான். செய்தித்தாளை நம்பிக் காத்திருந்தேன் என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் கணக்கை நிறுத்தி வைக்காது. அன்றே வழக்கறிஞரிடம் திரும்பிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போனாரா என்று தெரியாது.

அந்தத் திருத்தம் 2022 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. பேரவையில் நிறைவேறி ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு. தாமதத்துக்குக் காரணம் மசோதாவின் தலைப்பிலேயே இருந்தது. பதிவுச் சட்டம் 1908-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பொருளும் மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளது. அதை மாநிலம் தனக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தலைப்பில் மத்தியச் சட்டத்தின் பெயரைப் பார்த்ததுமே 'இது டெல்லி போய்த் திரும்ப வேண்டும்' என்று செய்தியாளருக்கு மணி அடித்திருக்க வேண்டும். கதை அதோடும் முடியவில்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் 77-ஏ பிரிவே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மசோதா ஒவ்வொன்றுக்கும் நான்கு தேதிகள் உண்டு: பேரவையில் நிறைவேறிய தேதி, ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் அளித்த தேதி, அரசிதழில் வெளியான தேதி, அமலுக்கு வரும் தேதி. சில சமயம் கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கும். பல சமயம் இருக்காது. வீட்டு வாடகைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது சட்டம். அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. இடைப்பட்ட காலத்தில் அதைக் காட்டி வாடகைதாரரைக் காலி செய்யச் சொன்ன வீட்டு உரிமையாளர் இல்லாத சட்டத்தைக் காட்டியிருக்கிறார்.

இந்தத் தேதிகள் ஏதோ எழுத்தர்கள் வேலை என்று நினைப்பவர்களுக்கு நிலம் கையகப்படுத்தல் கதையைச் சொல்வேன். மத்திய அரசின் புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2013 செப்டம்பர் இறுதியில். அமலுக்கு வந்தது 2014 ஜனவரி 1. தமிழ்நாட்டிலோ நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கு நிலம் எடுக்கத் தனித்தனியே மூன்று மாநிலச் சட்டங்கள் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற மத்தியச் சட்டத்தில் 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, அது 2014 ஜனவரி 1 முதலே செல்லும் என்றும் எழுதிக்கொண்டார்கள். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் வேறு கணக்குப் போட்டது. மத்தியச் சட்டம் அமலான நாளில் அல்ல, அது இயற்றப்பட்ட 2013 செப்டம்பர் 27-ஆம் தேதியே அதற்கும் மாநிலச் சட்டங்களுக்கும் முரண்பாடு தொடங்கி, மூன்று சட்டங்களும் அன்றே செல்லாமல் போயின என்றது. பிறகு அதே ஆண்டில் அரசு புதிதாக ஒரு சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு தேதிகளுக்கு நடுவில் மூன்று சட்டங்கள் விழுந்தன.

செய்ய வேண்டியது எளிது. மசோதா கையில் கிடைத்ததும் முதல் பிரிவைப் படியுங்கள். சட்டத்தின் பெயருக்குக் கீழே, எப்போது அமலுக்கு வரும் என்ற துணைப்பிரிவு இருக்கும். 'அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் தேதியில்' என்று இருந்தால், உங்கள் செய்தியிலும் அதையே எழுதுங்கள். ஒப்புதல் கிடைத்ததும் சட்டம் அரசிதழின் நான்காம் பகுதி, இரண்டாம் பிரிவில் வெளியாகும்; யார் எந்தத் தேதியில் ஒப்புதல் அளித்தார் என்பது அதன் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். அமலாகும் தேதியைக் குறிக்கும் அறிவிக்கை அங்கே வராது. அது துறையின் அரசாணையாகத் தனியே வரும். நான்காம் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுபவர்களும் உண்டு.

மூலச் சட்டம் இல்லாமல் திருத்த மசோதாவைப் படிப்பது

திருத்த மசோதாவைத் தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது. புரிந்ததாகத் தோன்றினால் இன்னும் ஆபத்து. 2023 ஏப்ரலில் வந்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைப் பாருங்கள். 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கிறது. 51, 54, 56, 59 என்று சில பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. வெறும் எண்கள். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தால்தான் விஷயம் தெரியும்: பிரிவு 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு, பிரிவு 54 என்பது நாளுக்கு 9 மணி நேரம் என்ற வரம்பு, பிரிவு 56 என்பது இடைவேளை உட்பட ஆலையில் இருக்கக்கூடிய மொத்த நேரம், பிரிவு 59 என்பது மிகைநேர ஊதியம். தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்த எண்களைப் பார்த்ததுமே கொதித்ததன் காரணம் அதுதான். மசோதாவின் கடைசியில் இருக்கும் நோக்க காரண விளக்கத்தை மட்டும் படித்தவருக்கு, அது ஏதோ முதலீட்டை ஈர்க்கும் சாதாரண ஏற்பாடாகத் தெரிந்திருக்கும். அந்த விளக்கம் அரசு தன் மசோதாவைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. அதைச் செய்தியின் முதல் பத்தியாக்காதீர்கள்.

இதே மசோதா இன்னொன்றுக்கும் பாடம். ஏப்ரல் 21-ஆம் தேதி நிறைவேறியது, 24-ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இன்றும் '12 மணி நேர வேலைச் சட்டம் தமிழ்நாட்டில் அமலில் உள்ளதா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குரல் வாக்கெடுப்பை 'ஒருமனதாக' ஆக்குவது

ஏற்பவர்கள் 'ஆம்' என்றும் மறுப்பவர்கள் 'இல்லை' என்றும் குரல் கொடுக்க, எது ஓங்கி ஒலித்தது என்று பேரவைத் தலைவர் அறிவிப்பது குரல் வாக்கெடுப்பு. மேற்சொன்ன தொழிற்சாலை மசோதாவுக்கு ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தன. அதுவும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. எதிர்ப்பவர்கள் வெளியே போய்விட்டதால் உள்ளே சத்தம் ஒரே மாதிரி கேட்டது, அவ்வளவுதான்.

கடைசி நாளன்று சீக்கிரம் கிளம்புவது

கிளம்பாதீர்கள். மசோதாக்கள் குவியலாக வருவது அன்றுதான்.

எல்லாவற்றையும் 'ஆளுநர் நிராகரித்தார்' என்று எழுதுவது

அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவுப்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அடுத்த படி வேறு. திருப்பி அனுப்பினால் பேரவை மீண்டும் நிறைவேற்றலாம். குடியரசுத் தலைவரிடம் போய்விட்டால் முடிவு டெல்லியில். 2023 நவம்பர் 13-இல் ஆளுநர் 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18-இல் சிறப்புக் கூட்டம் கூட்டி அவற்றை மீண்டும் நிறைவேற்றினார்கள். 28-இல் அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். இந்த மூன்று தேதிகளையும் ஒரே 'நிராகரிப்பு'க்குள் அடக்கியவர்களுக்கு 2025 ஏப்ரல் 8-ஆம் தேதித் தீர்ப்பு புரிந்திருக்காது. மீண்டும் நிறைவேறி வந்ததை அப்படி அனுப்பியது தவறு என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதியது. அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளிக்கையில், அப்படி ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கருத முடியாது, காலக்கெடுவும் விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. ஆகவே ஏப்ரல் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

டெல்லிக்குப் போன மசோதாவைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீட் விலக்குக் கோரி 2017 பிப்ரவரியில் நிறைவேறிய இரண்டு மசோதாக்களுக்கும் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது. வெளியே தெரியவந்ததோ 2019 ஜூலையில், உயர் நீதிமன்ற விசாரணையின்போது. நடுவில் எத்தனை செய்திகளில் 'ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்திருக்கும்!

எண்ணும் ஆண்டும்

மசோதா எண் வேறு, சட்ட எண் வேறு. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பெயரில் இருக்கும் ஆண்டு 2022. சட்ட எண்ணோ 2023-இன் 9. முதலில் 2022 அக்டோபரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற பயணம் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இருக்கிறது. இதற்கு முன்னோடியான அவசரச் சட்டம் நவம்பரிலேயே காலாவதியாகிவிட்டதையும் மறக்காதீர்கள். பேரவை மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரம்தான் அவசரச் சட்டத்தின் ஆயுள்.

நிதி ஒதுக்க மசோதாவைப் பரபரப்பாக்குவது

அரசு தன் செலவுக்குப் பணம் எடுக்கப் பேரவையின் அனுமதி கேட்கும் மசோதா இது. ஒவ்வொரு ஆண்டும் வரும். விட்டுவிடுங்கள்.

கூட்டத்தொடர் முடிந்ததும் 'மசோதா காலாவதி' என்று எழுதுவது

ஆளுநர் கூட்டத்தொடரை முடித்து வைப்பதால் நிலுவையில் உள்ள மசோதா காலாவதி ஆகாது. பேரவை கலைந்தால்தான் ஆகும். அதிலும் ஒரு விலக்கு: மேலவை இல்லாத நம் மாநிலத்தில், பேரவை நிறைவேற்றி அனுப்பி ஒப்புதலுக்கு நிற்கும் மசோதா பேரவை கலைந்தாலும் சாகாது. கேரளத்தின் வேளாண் உறவுகள் மசோதா தொடர்பான வழக்கில் 1961-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்தில் நிலுவை மசோதாக்களின் பட்டியல் போடும்போது இரண்டு வகையையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள். எங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் இரண்டும் கலந்துதான் வருகின்றன.