குட்டி யானை போதுமா, பெரிய பிக்கப் வேணுமா: வேலூர் பக்கத்து ரோட்டுக்கு இன்ஜின் பார்ப்பது எப்படி

லோடு வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை சி.சி.?", அடுத்து கேட்பது "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?". ரெண்டுக்கும் ஷோரூமில் சட்டென்று பதில் வந்துவிடும். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி வண்டி எடுத்தவர்கள்தான் ஆறு மாசம் கழித்து "இழுவையே இல்லப்பா" என்றோ, "டீசலுக்கே சரியாப் போயிடுது" என்றோ புலம்புகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து ரெண்டே விஷயத்தை எழுதுங்கள். வாரத்தில் வழக்கமாக ஏற்றப்போகிற அதிகபட்ச லோடு எத்தனை கிலோ, அந்த லோடோடு ஏற வேண்டிய மோசமான மேடு எது. முக்கால்வாசி முடிவு அங்கேயே வந்துவிடும்.

வாரத்தில் என்று சொல்வது யோசித்துத்தான். மச்சான் வீடு மாறும்போது சாமான் ஏற்றணும், ஆடி மாசத் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றணும் என்று வருஷத்தில் ஒரு நாள் வருகிற வேலையை மனதில் வைத்துப் பெரிய இன்ஜின் எடுக்காதீர்கள். அன்றைக்கு வாடகைக்கு ஒரு வண்டி பிடித்தால் போச்சு.

எடையை மட்டும் கண்மதிப்பில் எழுத வேண்டாம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, இருபது மூட்டை ஒரு டன், அதில் குழப்பமில்லை. ஆனால் செங்கல் ஏற்றுகிறவர்களிடம் கேட்டால் "ஐந்நூறு கல்லுதானே" என்பார்கள். கல் ஒன்று மூன்று கிலோ என்று வைத்தாலும் அது ஒன்றரை டன். ஈரத்தோல், தண்ணி கேன், இரும்புக் கம்பி எல்லாம் பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரிந்து எடையில் ஏமாற்றும். இப்போது வாடகை வண்டியில் சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால் காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது ரோடு. பழைய வட ஆற்காட்டை மொத்தமாகப் பார்த்தால் ரெண்டு விதமான ஊர் இது. பாலாற்றை ஒட்டி வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், அந்தப் பக்கம் குடியாத்தம் வரைக்கும் பெரும்பாலும் சமதளம். மேம்பாலத்தை விட்டால் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் விலகினால் கதை மாறிவிடும். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒடுகத்தூர் பக்கமிருந்து பீஞ்சமந்தை ஏறுகிற ஜவ்வாது மலை ரோடு, பேர்ணாம்பட்டு தாண்டி வி.கோட்டா போகிற மலைப்பாதை. புளி, சாமை, காய்கறி என்று இந்த வழிகளில் நடை அடிக்கிறவருக்கும், விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டிலிருந்து கத்திரிக்காய் மூட்டை ஏற்றி ஊருக்குள் நாலு கடைக்குப் போடுகிறவருக்கும் ஒரே வண்டியைச் சிபாரிசு செய்கிறவன் கமிஷனுக்காகப் பேசுகிறான் என்று அர்த்தம்.

மேட்டுக்கு எவ்வளவு சக்தி வேணும் என்பதை நாமே கணக்குப் போடலாம், பெரிய வித்தை இல்லை. வண்டியும் சரக்கும் சேர்ந்து இரண்டரை டன், ரோடு நூறு அடிக்குப் பத்து அடி ஏறுகிறது, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் சக்கரத்துக்கு 20 ஹெச்.பி.க்கு மேல் வந்து சேர வேண்டும். அதே மேட்டில் 30-ல் போகணும் என்றால் 30-க்கு மேல். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற டாடா ஏஸ் (நம்ம குட்டி யானை) பெட்ரோலில் 694 சி.சி., இரண்டு சிலிண்டர், 30 ஹெச்.பி. கிட்டத்தட்ட. கம்பெனி சொன்ன முக்கால் டன்னுக்குள் ஏற்றினால் அது மலையே ஏறும், மெதுவாக. ஒன்றரை டன்னைத் திணித்துவிட்டு வண்டியைத் திட்டுவதில் நியாயமில்லை. 2005-ல் முதல் ஏஸ் வந்தபோது 702 சி.சி. டீசலில் வெறும் 16 ஹெச்.பி.தான், அதை வைத்துத்தான் எத்தனையோ குடும்பம் பிழைத்தது.

சரி, சி.சி. கூடினால் இழுவை கூடுமா? அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டாடா இன்ட்ராவில் வி30, வி50 இரண்டுக்கும் 1496 சி.சி.தான். ஆனால் டார்க், அதாவது இன்ஜின் சக்கரத்தைத் திருப்புகிற விசை, ஒன்றில் 140 என்.எம்., இன்னொன்றில் 220. பொலேரோ பிக்கப்பில் இன்ஜின் 2523 சி.சி., டார்க் 200 பக்கம். இசுஸு வி-கிராஸ் பிக்கப்பில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பழைய 2.5 லிட்டரை (2500 சி.சி.) எடுத்துவிட்டு 1.9 லிட்டர் வைத்தார்கள், சின்னதுக்குத்தான் இழுவை அதிகம். அதனால் ஹெச்.பி., சி.சி. இரண்டோடு நிறுத்தாமல் டார்க் எவ்வளவு, அது எத்தனை ஆர்.பி.எம்.மில் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றுகிற சுற்று) கிடைக்கிறது என்றும் பாருங்கள். 1500-க்குள்ளேயே கிடைக்க ஆரம்பித்தால் லோடு வண்டிக்கு அதுதான் அருமை. ரெண்டாயிரத்துக்கு மேல்தான் வரும் என்றால் மேட்டில் ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரை மிதித்து கிளட்சைப் பிடித்துப் பிடித்துக் கிளப்ப வேண்டியிருக்கும், கிளட்ச் தட்டுக்கு ஆயுசு குறையும்.

அப்படியானால் சின்ன டர்போ இன்ஜினே, அதாவது கூடுதல் காற்றை உள்ளே திணித்து இழுவையைக் கூட்டுகிற இன்ஜினே, எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஒரு விஷயம் தெரிந்து எடுங்கள். டர்போ வேலை செய்ய இன்ஜின் கொஞ்சம் சுற்ற வேண்டும். ஏலகிரி வளைவில் ரெண்டாவது கியரில் திரும்பும்போது வேகம் சட்டென்று விழும், ஆர்.பி.எம். ஆயிரத்துக்குக் கிட்டே வரும், டர்போ காற்று நின்றுபோகும், அந்த நேரத்தில் சின்ன இன்ஜின் குலுங்கி மூச்சு விட்டுவிடும். விழுவதற்கு முன்னாலேயே ஃபர்ஸ்டுக்கு வந்துவிடுகிற டிரைவர் இருந்தால் பிரச்சினை இல்லை. நீங்களே ஓட்டுவீர்கள் என்றால் பழகிக்கொள்ளலாம். மாசத்துக்கு ஒரு டிரைவர் மாறுகிற தொழில் என்றால், மலை வழியில் பெரிய இன்ஜின்தான் நிம்மதி, ஏனென்றால் அது சோம்பேறி டிரைவரையும் பொறுத்துக்கொள்ளும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு இன்னொரு குறை, ஆயிரம் மீட்டர் உயரம் போனால் காற்று லேசாகி சக்தியில் பத்தில் ஒரு பங்கு குறையும். ஏலகிரி மேலே கிட்டத்தட்ட அந்த உயரம்தான்.

டீசல் கணக்கைப் பலரும் தலைகீழாகப் போடுகிறார்கள். கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று பார்க்காதீர்கள், ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவு என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, சின்ன டீசல் வண்டி லிட்டருக்கு 18, பெரியது 13, டீசல் 93 ரூபாய் என்று வைப்போம். சின்னதில் முக்கால் டன் போனால் டன்னுக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 6 ரூபாய் 90 காசு. பெரியதில் ஒன்றரை டன் நிறைத்துப் போனால் 4 ரூபாய் 80 காசுக்குள் முடிந்துவிடும். அதே பெரிய வண்டியில் முக்கால் டன்தான் கிடைத்தது என்றால் ஒன்பதரை ரூபாய். அதாவது பெரிய இன்ஜின் நிறைய ஏற்றினால்தான் சிக்கனம். பாதி காலியாக ஓடினால் அதைவிடத் தண்டம் வேறில்லை, டியூ வேறு கூட. உங்களுக்குத் திரும்பும் நடையில் லோடு கிடைக்குமா, காலியாகத்தான் வருவீர்களா என்பதையும் இதில் சேர்த்துப் போடுங்கள். குடியாத்தத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போய் வெறும் வண்டியாகத் திரும்புகிறவருக்குக் கணக்கு வேறு, ரெண்டு பக்கமும் லோடு உள்ளவருக்கு வேறு.

டவுனுக்குள் என்றால் பேச்சே வேண்டாம், சின்னதுதான். லாங்கு பஜார், மண்டித் தெரு பக்கம் காலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெரிய பிக்கப்பை உள்ளே விட்டு ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், புரியும். கிரீன் சர்க்கிளில் ஃபர்ஸ்ட், செகண்ட் என்று நகர்கிற வண்டிக்கு 2.5 லிட்டர் எதற்கு?

ஹைவே வேறு மாதிரி. சென்னை கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், பெங்களூரு 200-க்கு மேல், நாலு வழி, ஆறு வழிச் சாலை. இங்கே எதிரி மேடு இல்லை, காற்று. 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்று தடுக்கிற விசை கிட்டத்தட்ட எண்பது சதவீதம் கூடிவிடும். மேலே தார்ப்பாய் போட்டு உயரமாகக் கட்டிய லோடு என்றால் இன்னும் மோசம். சின்ன இன்ஜின் முழு மூச்சில் இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டே ஓடும்போது ஷோரூமில் சொன்ன மைலேஜ் வரவே வராது. சில நேரம் பெரிய வண்டி கொடுக்கிற மைலேஜுக்கே வந்துவிடும். வாரம் மூன்று நாலு நடை சென்னைக்கு, ஒரு டன்னுக்கு மேல் லோடு என்றால் யோசிக்காமல் 1.5 லிட்டருக்கு மேலே போய்விடுங்கள்.

நம்ம ஊர் வெயிலை மறந்துவிட்டு இன்ஜின் பேச முடியாது. கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில், ஓவர்லோடு ஏற்றிய சின்ன இன்ஜின் மலையில் ஏறும்போது முதலில் கைவிடுவது கூலிங்தான். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் ஏ.சி.யை அணைத்து, கியரைக் குறைத்து, மெதுவாகப் போங்கள். அப்புறம், ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்ம பக்கத்துத் தண்ணியின் உப்பு உள்ளே படிந்துவிட்டால் எந்த சைஸ் இன்ஜினும் தாங்காது. கூலன்ட் விலை ஒன்றும் பெரிதில்லை.

டெஸ்ட் டிரைவ் என்று சொல்லிக் காலி வண்டியைச் சாவியோடு கொடுத்து, பைபாஸில் ஒரு ரவுண்டு போய்வரச் சொல்வார்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். லோடு போட்டுப் பார்க்கணும் என்று கேளுங்கள், டெமோ வண்டிக்குச் சம்மதிக்கிற டீலர் உண்டு. உங்கள் வழக்கமான எடைக்குச் சிமெண்ட் மூட்டையோ மணல் மூட்டையோ ஏற்றி, காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு நெரிசல் நேரத்தில் போங்கள். ஏற்றத்தின் நடுவில் எப்படியும் நிற்க வேண்டி வரும். அங்கே ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை மெதுவாக விட்டுக் கிளப்பிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதுமே நகர்ந்தால் சரி. இன்ஜின் அலறி, வண்டி அதிர்ந்து, கருகின வாசனை மூக்குக்கு வந்தால் அந்த லோடுக்கு அந்த இன்ஜின் இல்லை, சேல்ஸ்மேன் என்ன சமாதானம் சொன்னாலும் சரி. மலை வழித் தொழில் என்றால் ஒரு நாள் வாடகைக்கு அதே மாடல் வண்டியை எடுத்து உங்கள் சரக்கோடு உங்கள் வழியில் ஓட்டிவிடுங்கள், அதற்கு ஆகிற காசு வீண் இல்லை. இறங்கும்போதும் கவனியுங்கள், ஏறின கியரிலேயே இறங்கணும், அப்போது இன்ஜின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது, எவ்வளவு பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

பி.எஸ்.6 டீசலில் ஒரு நுணுக்கம். டி.பி.எஃப்., அதாவது புகையில் வருகிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர், வைத்த வண்டியாக இருந்தால் அதில் சேருகிற கரி எரிய இன்ஜின் நன்றாகச் சூடேறி கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ரெண்டு ரெண்டு கிலோமீட்டராக கடை கடையாக நின்று போகிறவருக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கு எரிய ஆரம்பிக்கும். டவுன் வேலைக்குச் சின்ன பெட்ரோலோ சி.என்.ஜி.யோ நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சி.என்.ஜி.யில் இழுவை கொஞ்சம் கம்மி, சிலிண்டர் எடையும் உங்கள் லோடில் கழியும், மலைக்கு வேண்டாம்.

கடைசியாக ஆர்.சி. விஷயம், இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ., 3000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டாம். சித்தூர், வி.கோட்டா என்று அடிக்கடி ஆந்திரா போகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். பெரிய இன்ஜின் மாடல்களில் சிலது இந்தக் கோட்டைத் தாண்டும், சிலது தாண்டாது, ஒரே பெயரில் ரெண்டு மூன்று ரகம் இருக்கும், அதனால் பெயரை வைத்து முடிவு பண்ணாமல் நீங்கள் எடுக்கிற அதே ரகத்தின் எடையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், 7500 கிலோ வரைக்கும் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓவர்லோடுக்கு மட்டும் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, போதாததுக்கு அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் வைப்பார்கள். சின்ன இன்ஜின் எடுத்துவிட்டு ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூட்டிப் போட்டு ஒன்றரை டன் அடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், பட்டை தாங்கினாலும் பிரேக்கும் டயரும் ஆர்.சி.யும் அதற்காக மாறப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த சைஸ் வண்டிக்கு டியூ எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.