ஹுவா ஹின் தெருவில் ஒரு மாலை: தாய்லாந்துச் சாப்பாட்டுக்குப் புதியவர்களுக்கு

தாய்லாந்துக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் முதல் தள்ளுவண்டியிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். பத்தடி தள்ளி இன்னும் நல்ல பண்டம் ஒன்று வெந்துகொண்டிருக்கும், வயிற்றில் இடம் இருக்காது. எந்த வரிசையில் சாப்பிட்டால் ஒரே மாலையில் அந்த ஊரின் ருசி பிடிபடும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஊர் ஹுவா ஹின். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். ரயிலிலும் போகலாம், வேனிலும் போகலாம். அரச குடும்பத்தின் கோடை அரண்மனை இருக்கும் கடற்கரை ஊர் இது. ஒரு பகல் சந்தை, ஓர் இரவுச் சந்தை, இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். புதியவர் பழக இது நல்ல ஊர்.

1. கிளம்பும் முன் சில சொற்கள்

"மாய் பெட்" என்றால் காரம் வேண்டாம். "பெட் நிட் நோய்" என்றால் கொஞ்சமாகக் காரம். "தாவ் ராய்" என்றால் எவ்வளவு. எது சொன்னாலும் கடைசியில் ஆண்கள் "க்ராப்", பெண்கள் "கா" சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் அங்கே மரியாதை. இறைச்சிப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்: "காய்" என்றால் கோழி, "மூ" பன்றி, "நுவா" மாடு, "குங்" இறால், "ப்லா" மீன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். காய்கறி மட்டும் போட்டு வதக்கித் தந்தாலும் அதில் மீன் சாஸோ சிப்பி சாஸோ விழுந்திருக்கும். அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி. "கின் ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 என்ற எண்ணைப் போல ஓர் எழுத்து தெரிந்தால் அது "ஜே" கடை. அங்கே இறைச்சி, மீன் சாஸ், முட்டை எதுவும் இருக்காது. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

2. முதல் சுற்று வெறுங்கையோடு

இரவுச் சந்தை தேச்சானுசித் சாலையில், பெட்காசெம் நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில். பொழுது சாய்ந்ததும் கடை போட ஆரம்பிப்பார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எதுவும் வாங்காமல் நடங்கள். எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் பையில் வாங்கிப் போகிறார்கள், எங்கே கேட்ட பிறகு அடுப்பில் ஏற்றுகிறார்கள், எங்கே ஏற்கெனவே பொரித்து ஆறவிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறிப்போனதைத் தொடாதீர்கள். வயிறு கெடாமல் இருக்க நான் கடைப்பிடிக்கும் முதல் விதி இது. தண்ணீர் பாட்டில் தண்ணீராகவே இருக்கட்டும்.

3. சோம் தாமில் தொடங்குங்கள்

பப்பாளிக்காய்ச் சாலட் என்று பெயரை மொழிபெயர்த்துவிடலாம், ஆனால் செய்வதை நின்று பார்க்க வேண்டும். ஆழமான மண் உரல், மர உலக்கை. முதலில் பூண்டும் மிளகாயும் விழும். எத்தனை மிளகாய் என்று கடைக்கார அம்மா விரல் காட்டிக் கேட்பார், நீங்கள் ஒரு விரல் காட்டுங்கள், போதும். பிறகு காராமணிக்காய், தக்காளி, காய்ந்த இறால், பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ். கடைசியாகத்தான் சீவிய பப்பாளிக்காய். இடது கையில் கரண்டியால் அடியிலிருந்து கிளறியபடி வலது கையால் மெதுவாக இடிப்பார். துவையல் போல நசுக்கும் இடி இல்லை. காய் சாறை இழுத்துக்கொள்ள வேண்டும், நறுக்கென்றும் இருக்க வேண்டும். மேலே வறுத்த வேர்க்கடலை.

இனிப்பும் புளிப்பும் உப்பும் காரமும் ஒரே வாயில் வந்துவிடுவதால், இதைச் சாப்பிட்டவருக்கு அடுத்து வரும் எல்லாப் பண்டமும் புரியும். கேட்கும்போது "சோம் தாம் தாய்" என்று முழுப்பெயர் சொல்லுங்கள். ஊறிய மீனும் உப்பு நண்டும் போட்ட வகை ஒன்று உண்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் முதல் நாளுக்கு வாசனை அதிகம். பக்கத்தில் சுட்ட கோழி விற்றால் அதையும் ஒட்டரிசிச் சோற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். சோற்றைக் கையால் பிடித்து உருட்டித் தொட்டுச் சாப்பிடுவதுதான் முறை, நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

4. கடலுணவில் எடை கேளுங்கள்

கணவாயைக் கரியில் சுட்டு, பச்சைமிளகாயும் பூண்டும் எலுமிச்சையும் அரைத்த "நாம் சிம்" என்ற பச்சைத் தொடுசாஸோடு தருவார்கள். மட்டியை மாவிலும் முட்டையிலும் கலந்து தட்டையான கல்லில் மொறுமொறுப்பாக வார்க்கும் "ஹொய் தோட்" இன்னொன்று. இரண்டையும் விடாதீர்கள்.

பெரிய இறால், முழு மீன் வாங்கும்போது மட்டும் கவனம். பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான விலை. ஒரு கடையில் நான் அதை முழு மீனின் விலை என்று நினைத்து உட்கார்ந்து, நினைத்ததைப் போல் பல மடங்கு கொடுத்து எழுந்தேன். சுடுவதற்கு முன்பே தராசில் வைக்கச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கால்குலேட்டரில் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

5. நூடுல்ஸ் மேசையின் நாலு கிண்ணம்

நூடுல்ஸ் கடை மேசையில் சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் போட்ட மீன் சாஸ் இருக்கும். முதலில் வெறும் சூப்பைக் குடித்துப் பாருங்கள், பிறகு குறைவதைச் சேருங்கள். சமையல்காரர் பாதியில் விட்டதை நீங்கள் முடிப்பது போல.

6. இனிப்புக்கு இடம் வையுங்கள்

மாம்பழமும் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் உச்சம். ரொட்டி வண்டியில், நம்மூர் பரோட்டா மாவு வீசுவதுபோலவே வீசி, வாழைப்பழம் வைத்து மடித்து, மேலே கெட்டிப்பால் ஊற்றுவார்கள். பெயரும் ரொட்டிதான்.

மறுநாள் விடியற்காலையில் சாட்சாய் சந்தைப் பக்கம் போங்கள், முதலில் சொன்ன பகல் சந்தை அதுதான். குழிப்பணியாரக் கல்லைப் போலவே ஒரு கல் அடுப்பில் இருந்தால் அது "கனோம் க்ரோக்". அரிசிமாவும் தேங்காய்ப்பாலும். ஓரம் மொறுமொறுவென்று, நடு தளதளவென்று, சிலவற்றில் வெங்காயத்தாள். இரண்டு அரைகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துத் தருவார்கள். உள்ளே பால் கொதித்துக்கொண்டிருக்கும், உடனே வாயில் போடாதீர்கள். கையில் வைத்து ஒரு நிமிடம் ஊதுங்கள்.