பழைய பைக்கில் கழலாமல் அடம்பிடிக்கும் சிலிண்டர் பிளாக்: கழற்றும் முறை

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் கழன்றுவிட்டது. அடியில் இருக்கும் நட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் பிளாக் மட்டும் இம்மியும் அசையவில்லை. பல வருடம் ஓடாமல் நின்ற ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் இது சகஜம். பெரிய சுத்தியைத் தேடிக் கை போவதும் இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுங்கள். பிளாக்கை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அது கண்ணில் படாத போல்டாக இருக்கலாம், சிலிண்டருக்குள் இறுகிய பிஸ்டனாக இருக்கலாம், பிளாக் வழியாகச் செல்லும் நீளமான திருகுக் கம்பியான ஸ்டட்டில் ஏறிய துருவாகவோ, அடி இணைப்பில் ஒட்டிப்போன கேஸ்கெட் தாளாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் முதலில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

1. விட்டுப்போன போல்டைத் தேடுங்கள்

பிளாக்கின் அடிப்பகுதியில் படிந்த மண்ணையும் கிரீஸையும் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். அந்த அழுக்குக்குள்ளேயே ஒரு நட்டு முழுசாக மறைந்திருக்கும். கேம் செயின் (வால்வுகளை இயக்கும் சங்கிலி) உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் என்றால், செயின் ஓடும் பக்கத்தில் சின்னதாக ஒன்றிரண்டு போல்ட் தனியாக இருக்கும். புதிதாகக் கை வைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இவற்றைத்தான். செயின் டென்ஷனரையும் கழற்றியிருக்க வேண்டும். உங்கள் மாடலின் பார்ட்ஸ் படம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் எத்தனை நட்டு இருக்கிறதோ, அத்தனையும் உங்கள் தட்டில் இருக்க வேண்டும்.

2. பிஸ்டன் நகர்கிறதா?

டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கேம் செயின் இருந்தால் அது உள்ளே விழாமல் முதலில் கம்பியால் கட்டிவிடுங்கள். கிக்கரை மிதித்துப் பார்க்க வேண்டாம், இறுகிய இன்ஜினில் கிக்கர் பல்சக்கரம் உடைந்துவிடும். பிஸ்டன் ஏறி இறங்கினால் சிக்கல் வெளியே இருக்கிறது, நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

நகரவில்லை என்றால் அவசரம் உதவாது. பிஸ்டனுக்கு மேலே சிலிண்டர் சுவரில் துரு தெரிந்தால், நுண்ணிய எமரி தாளில் எண்ணெய் தொட்டு முதலில் அதைத் தேயுங்கள். அந்தத் துரு மேடு இருக்கும்வரை பிஸ்டன் மேலே ஏறாது. பிறகு துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, மட்டத்தை மார்க்கரால் குறித்து வையுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் எண்ணெய், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கமாகக் கசிந்து உள்ளே போகிறது என்று அர்த்தம், அது நல்ல சகுனம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே நின்றிருந்தால் எண்ணெய், சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளை வழியாக ஓடிவிடும். அப்போது எண்ணெயில் நனைத்த துணியை உள்ளே வைத்துவிடுங்கள்.

சில நாள் ஊறிய பிறகு, சிலிண்டர் வாயைவிடச் சற்றே சிறிய மரக்கட்டையை பிஸ்டன் தலையில் வைத்து லேசாகத் தட்டுங்கள். பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றிருந்தால் மட்டும் தட்டாதீர்கள். அந்த நிலையில் கிராங்க் தண்டு சுழலவே சுழலாது, அடி முழுவதும் பிஸ்டனை அதனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வழியாக பேரிங்கில்தான் இறங்கும்.

3. ஸ்டட்டும் கேஸ்கெட்டும்

பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருக்கிறது. அலுமினிய பிளாக்கின் துளைகளுக்குள் எஃகு ஸ்டட்டுகள் நிற்கின்றன. ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் அடைப்பதால் ஸ்டட்டை ஆப்பு வைத்ததுபோல இறுக்கிவிடும். ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் மேலிருந்து எண்ணெய் விட்டு ஊற விடுங்கள்.

அப்புறம் சூடு. அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பிளாக்கைச் சூடாக்கினால் துளை பெரிதாகும், பிடி தளரும். ஹீட் கன்னால் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் சுர்ரென்று ஆவியாகும் அளவில் நிறுத்துங்கள். பெட்ரோல் டேங்க் தூரத்தில் இருக்கட்டும், வழிந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், தீச்சுடர் மட்டும் வேண்டாம். பிளாக்கின் வெளியே உள்ள குளிர்விக்கும் தகடான ஃபின்னில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது வார்ப்பிரும்பு பிளாக். எஃகும் அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் சூட்டால் பலன் குறைவு. அங்கே எண்ணெயும் பொறுமையும்தான்.

சூடு ஆறுவதற்குள் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பிளாக்கின் கனமான பகுதியில் (டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி) மரத்துண்டை வைத்து நைலான் சுத்தியால் தட்டுங்கள். ஒரு பக்கம் நான்கு தட்டு, எதிர்ப்பக்கம் நான்கு தட்டு. ஃபின்னில் ஒருபோதும் அடிக்காதீர்கள். பழைய பைக்கின் உடைந்த ஃபின்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த பிளாக் மறுபடி கிடைப்பது அத்தனை கடினம்.

அடி இணைப்பில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்புவதும் கூடாது. அந்தப் பரப்பில் விழும் கீறல் ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய்க் கசிவு. டூ ஸ்ட்ரோக்கில் இன்னும் மோசம்: அதன் வழியாகக் காற்று நுழைந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டனே உருகிப் பிடித்துக்கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக் பிளாக்கை இடவலமாகத் திருகவும் வேண்டாம். ரிங்கின் முனை போர்ட் துளைக்குள் மாட்டி உடைந்துவிடும்.

4. அசைந்துவிட்டதா? அங்கேயே நிறுத்துங்கள்

பிளாக் கொஞ்சம் மேலே வந்ததும் உற்சாகத்தில் உருவி எடுத்துவிடாதீர்கள். பிஸ்டனின் அடிப்பகுதி வெளியே வருவதற்கு முன்பே, கனெக்டிங் ராடைச் சுற்றி கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். துருச் செதிலோ உடைந்த ரிங் துண்டோ உள்ளே விழுந்தால் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டிவரும். ஒரு கையால் பிளாக்கை நேராகத் தூக்குங்கள். ஸ்டட்டில் மோதாமல் பிஸ்டனை இன்னொரு கை பிடித்திருக்கட்டும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துவிட்டு, பிஸ்டன் பின்னை நகராமல் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றுங்கள். துணி அப்படியே இருக்கட்டும், சர்க்கிளிப் தெறித்து ஓடும் வழக்கம் உடையது. பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் அந்த பிஸ்டன் பின் (pin) வரவில்லை என்றால் பிஸ்டனைச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் கையால் தாங்கிப் பிடித்துத் தள்ளுங்கள். அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். கழற்றிய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள், மாட்டும்போது புதியதுதான்.