கார்பன் பிரிண்டுக்கு யூவி விளக்கு: வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்

கார்பன் பிரிண்ட் என்பது நெகட்டிவின் வழியே புற ஊதா (யூவி) ஒளியைப் பாய்ச்சி, நிறமி கலந்த ஜெலட்டினை இறுகவைத்து எடுக்கும் புகைப்படம். அதற்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை மட்டுமே வாட் சொல்லும். டிஷ்யூவில், அதாவது நிறமி கலந்த ஜெலட்டின் பூசிய தாளில், எவ்வளவு புற ஊதா விழுகிறது என்பது அதில் தெரியாது. முதலில் பார்க்க வேண்டியது அலைநீளம்.

டைகுரோமேட், அதாவது ஜெலட்டினை ஒளியில் இறுகவைக்கும் உப்பு, ஊறிய ஜெலட்டின் 350 முதல் 400 நானோமீட்டர் வரை நன்றாகவே இறுகும். 365 எல்இடி, 395 எல்இடி, பிளாக்லைட் டியூப் எல்லாமே அதற்கு ஒத்துவரும். டைகுரோமேட்டின் நச்சுக்கு அஞ்சி, அதே வேலையைச் செய்யும் டாஸ் (DAS) என்ற வேதிப்பொருளுக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. டாஸ் 340-ஐ ஒட்டிய ஒளியைத்தான் விரும்பும். 395-ஐ வைத்தால் எக்ஸ்போஷர், அதாவது ஒளி காட்டும் நேரம், நீண்டுகொண்டே போகும். மலிவு விளக்குகளில் வெளியே 365 என்று அச்சிட்டு உள்ளே 395 சிப்பை வைத்திருப்பதும் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஊதா நிறத்தில் எரிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான 365 மங்கலாக, வெளிறித்தான் தெரியும்.

இன்னொருவருடைய எக்ஸ்போஷர் நேரத்தையும், இங்க்ஜெட்டில் நெகட்டிவ் அச்சிடும்போது டோன்களைச் சரிசெய்யும் கர்வையும் அப்படியே எடுத்துக்கொள்வதும் வீண்தான். இங்க்ஜெட் மை 365-ஐத் தடுக்கும் அளவும் 395-ஐத் தடுக்கும் அளவும் ஒன்றல்ல. விளக்கு மாறினால் நெகட்டிவின் கான்ட்ராஸ்டும் மாறிவிடும்.

கிருமிநாசினி விளக்கை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதன் 254 நானோமீட்டர் ஒளி, நெகட்டிவையும் டிஷ்யூவையும் சேர்த்து அழுத்தும் ஃபிரேமின் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. கண்ணையும் தோலையும்தான் பொசுக்கும்.

கார்பனில் அதிகம் படுத்துவது சீரற்ற வெளிச்சம். ஹைலைட், அதாவது படத்தின் வெளிர்ப் பகுதி, இங்கே மிக மெல்லிய ஜெலட்டின் படலம். மூலையில் ஒளி குறைந்தால் அந்தப் படலம் அடித்தாளைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இறுகாது. வெந்நீரில் கழுவும்போது படத்திலுள்ள மேகத்தின் விளிம்பு நிறமியோடு சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது வெறும் தாள். வாங்கியதும் 21 படி ஸ்டெப் டேப்லெட்டை, அதாவது படிப்படியாக அடர்த்தி கூடும் ஃபிலிம் பட்டையை, நடுவில் ஒருமுறையும் நான்கு மூலைகளிலும் வைத்து அடித்துப் பாருங்கள். ஒரு படி அரை ஸ்டாப்; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். மூலையில் இரண்டு படி குறைந்தால் அங்கே பாதி வெளிச்சம்தான் விழுகிறது. டியூப் பெட்டி என்றால், டியூப்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, ஃபிரேமும் குறைந்தது அவ்வளவு தள்ளி இருக்கட்டும்.

டியூப்பில் கூர்மை வராது என்பது பாதிதான் உண்மை. நெகட்டிவும் டிஷ்யூவும் இறுக ஒட்டியிருந்தால் வித்தியாசம் கண்ணில் படுவது அரிது. ஈரத்துக்குப் பயந்து நடுவே பாலியெஸ்டர் தாள் போட்டால்தான் ஒளி பக்கவாட்டில் கசியும். ஒற்றைப் புள்ளி விளக்கு அங்கே கைகொடுக்கும். ஆனால் கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு தூசியையும் அது பிரிண்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபிரேமில் லேமினேட் கண்ணாடியோ யூவி தடுக்கும் அக்ரிலிக்கோ இருந்தால் நல்ல விளக்கும் வீணாகிவிடலாம். மின்விசிறியையும் மறக்காதீர்கள்: சூட்டில் இளகிய டிஷ்யூ நெகட்டிவோடு ஒட்டிக்கொண்டால் இரண்டுமே பாழ்.