தைப்பட்டத்துக்கு ஒரு கொல்லைத் தோட்டம்

சம்பா அறுத்து, பொங்கலும் முடிந்து, கொல்லையில் ஈரம் இன்னும் முழுக்கக் காயாத இந்த நாட்கள்தான் காய்கறிப் பாத்தி போடத் தோது. பத்துக்குப் பத்தடி போதும். முதல் தடவையே கொல்லை முழுக்க வெட்டிப் போட்டால் மாசி வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது? வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், அப்புறம் வாய்க்காலை நம்ப முடியாது, அதனால் அடிபம்புக்குப் பக்கமாக, ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிற இடமாகப் பாருங்கள்.

விதை வாங்கும் முன்னால் வேலி. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். இரண்டு இலை விட்டிருந்த வெண்டையை ஒரே காலையில் எங்கள் வீட்டுக் கோழிகளே கிளறித் தள்ளிவிட்டன, அடுத்த வீட்டு ஆட்டைத் திட்டக்கூட வழியில்லை. ஐந்தடிக்கு ஒரு மூங்கிலை ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, நாலடி உயரத்துக்கு வலை கட்டுங்கள். வலையின் அடி ஓரத்தை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் கோழி நுழையாது. மூங்கிலுக்குப் பதில் கிளுவைப் போத்து கிடைத்தால் இன்னும் நல்லது, துளிர்த்து உயிர்வேலியாகிவிடும்.

சரி, இனி மண். நம்ம பக்கத்துக் களிமண்ணிடம் அவசரம் ஆகாது. ஈரத்தில் வெட்டினால் மண்வெட்டியோடு அப்பிக்கொண்டு வரும், அந்தக் கட்டி காய்ந்தால் கல்தான். முழுக்கக் காயவிட்டாலோ கடப்பாறையைத் தேட வேண்டும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சப்பென்று ஒட்டிக் கிடந்தால் நாலு நாள் பொறுங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது, ஓரடி ஆழம் கொத்தலாம். கோரை வந்தால் மேலே மட்டும் பிய்த்துப் போட்டு ஏமாறாதீர்கள். அடியில் கறுப்பாகக் கடலை அளவில் ஒரு கிழங்கு இருக்கும், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடி இன்னொரு கிழங்கில் முடியும், அங்கிருந்து இன்னொன்று. நூலைப் பிடித்துக்கொண்டே போய் அத்தனையையும் பொறுக்க வேண்டும். எனக்கு இதற்கே இரண்டு சாயங்காலம் போனது.

ஒரு வாரம் காயவிட்டுக் கட்டி உடைத்து, 25 கிலோ மட்கிய தொழு உரமும் அரைக் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்துவிடுங்கள். பச்சைச் சாணி வேண்டாம், கறையானைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற மாதிரி. நடுவில் ஒன்றரை அடி நடைபாதை விட்டு, நாலடி அகலத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி. கை எட்டும் அகலம் என்பதால் பாத்தியை மிதிக்கவே தேவையில்லை.

வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, ஓர் அங்குல ஆழம். கத்தரிக்கு நாற்று வாங்குங்கள், இரண்டடி இடைவெளி. விதைத்த பாத்தியில் தண்ணீர் தெளித்து மெல்லிசாக வைக்கோல் பரப்புங்கள். நாலாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள், முளை தெரிந்ததும் வைக்கோலை ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.